கிபிரின் முதுகில் ஒரு மூக்கு

கிபிர் விமானத்தின் செங்குத்து வால் முதுகிலிருந்து எழும்புகிற இடத்தில், முன்பக்கம் திறந்த ஒரு சின்னக் காற்றுவாய் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வாலுக்கு மூக்கு முளைத்த மாதிரித் தெரியும். அந்த மூக்கைக் கணினியில் செய்து முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. மணிக்கு ஆயிரம் கிலோமீற்றரில் போகிற விமானத்தில் அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று வீட்டில் கேட்டார்கள்.

அந்த மூக்கு இல்லாவிட்டால் அது கிபிரே கிடையாது, மிராஜ். பிரான்சின் மிராஜ் 5 விமானத்தின் உடம்பை எடுத்து, அதற்குள் அமெரிக்காவின் ஜே79 இஞ்சினை இஸ்ரேல்காரர்கள் இறக்கினார்கள். பழைய அட்டார் இஞ்சினைவிட ஜே79 நீளத்தில் கட்டை, சூடு அதிகம், காற்றும் கூடக் கேட்கும். அதனால் பக்கவாட்டுக் காற்றுவாய்களைப் பெருப்பித்தார்கள். பின்னுடம்பைக் குறுக்கி அகலமாக்கினார்கள். பின்எரிப்பானின் சூட்டை ஆற்றுவதற்கு வாலடியில் இந்த மூக்கை வைத்தார்கள். இறக்கையின் அகலத்தை மட்டும் தொடவில்லை. மிராஜுக்கும் கிபிருக்கும் அது ஒரே 8.22 மீற்றர்தான். ஆக, அந்த விமானத்துக்குள் என்ன நடந்தது என்பதை வெளியிலிருந்து சொல்கிற இடங்களில் ஒன்று அந்த மூக்கு. அதைத் தப்பாகச் செய்தால் விமானத்தின் கதையையே தப்பாகச் சொன்னதாகிவிடும்.

விமானச் சண்டை விளையாட்டுகளுக்கு விமானம் செய்து கொடுப்பது என் தொழில். பதினொரு வருடமாகச் செய்கிறேன். அதிலும் எனக்கு வருகிற வேலை பெரும்பாலும் ஒரே வகை: பழைய விமானத்தைப் பிரித்து, புது ராடர், புதுக் கண்ணாடி, புதுக் கருவிகள் போட்டு இன்னும் இருபது வருடம் ஓட்டுவார்களே, அந்த மேம்படுத்திய ரகங்கள். நல்லதண்ணியில், சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற பாதைக்குக் கூப்பிடு தூரத்தில், எங்கள் லயத்து வீட்டின் பின்பக்கம் கூட்டிக் கட்டிய ஓர் அறையில் உட்கார்ந்துதான் செய்கிறேன். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்கும் சீசன். அந்த நாட்களில் மலை உச்சிவரை விளக்கு எரியும், ராத்திரி முழுக்க ஆட்கள் ஏறுகிற சத்தம் கேட்கும். சீசன் முடிந்தால் மழையும் மப்பும். கணினியை இந்த ஈரத்திலிருந்து காப்பாற்ற, வேலை செய்யாத நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. ஸ்டோரில் மீட்டர் பெட்டிகளுக்கு அவர் அப்படித்தான் செய்வாராம்.

அப்பா தேயிலை ஸ்டோரில் பிட்டர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது ரோலர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. வட்டமான மேசை, அதன்மேல் கொழுந்து நிரம்பிய தொட்டி ஆடி ஆடிச் சுற்றும். முந்தி அவை எல்லாம் கூரையடியில் ஓடிய ஒரே தண்டிலிருந்து பெல்ட் போட்டு ஓடியவை. பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி மின்மோட்டார் வந்தது. மோட்டார் வந்ததும் பெல்ட் சக்கரம் பூட்டியிருந்த ஓட்டைகளை அடைத்தார்கள், மோட்டார் உட்கார இரும்புத் தட்டு வைத்துப் பற்றவைத்தார்கள். அப்பா ஒரு தடவை என் விரலைப் பிடித்து அந்தப் பற்றவைத்த தழும்பின்மேல் வைத்தார். "இந்தா பாரு தம்பி, புது மோட்டாரு போட்டா பழைய ஓட்டைய அடைச்சாகணும். அடைச்ச எடம் எத்தன பெயிண்டு அடிச்சாலும் தெரியும்" என்றார். ஒரு ரோலரைப் பார்த்ததும், எது எந்தக் காலத்தில் மாறியது என்று அவரால் வரிசையாகச் சொல்ல முடியும். நான் விமானத்தில் தேடுவதும் அந்தத் தழும்பைத்தான்.

அப்பாவின் ஆயுதப் பெட்டியில் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு ஒன்று இருந்தது. 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. அப்பாவுக்கு அப்போது 14 வயது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் அந்த மழையில் மலையேறிப் போனதைப் பற்றி அவர் பேசும்போது குரல் இறங்கிவிடும். அந்த விமானத்தின் டயர் ஒன்று நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தது பெரியப்பா கொண்டுவந்த இந்தத் துண்டு. அம்மா அதைச் சாமித்தட்டுக்குக் கிட்டேயும் வைக்க விடவில்லை, எறியவும் விடவில்லை. ஆயுதப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அந்தத் தகட்டில் ஐந்து ரிவெட்டுகள் இருந்தன. கண்ணுக்கு வட்ட வட்டமாகத் தெரியும், விரலால் தடவினால் ஒன்றும் தட்டாது. தலையைத் தகட்டோடு தகடாக அமுக்கி அடித்திருப்பார்கள், காற்று தடுக்காமல் வழுக்கிப்போக. இன்றைக்கும் ரிவெட்டு வரிசைகளை வரையும்போது அந்த ஐந்தையும்தான் அளவாக நினைத்துக்கொள்கிறேன். அதில் சிலருடைய சாவு ஒட்டியிருந்தது என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரும். விமானம் என்பது எனக்கு ஒருபோதும் வெறும் பொம்மையாக இருந்ததில்லை.

இந்தத் தொழிலுக்குள் வந்தது ஒரு தப்போடு. ஹட்டனில் கணினி படித்து, கொழும்பில் ஒரு விளம்பரக் கடையில் பதாகை வரைந்துகொண்டிருந்தேன். 2014இல் டிசிஎஸ் என்கிற பறப்பு விளையாட்டுக்கு மிக்-21பிஸ் வெளியானது. விமானியறையில் ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும், இஞ்சினை ஒழுங்குமுறைப்படி கிளப்பாவிட்டால் கிளம்பாது. அதற்கு இந்திய விமானப்படையின் சாயமும் வட்டச் சின்னமும் வரைந்து, 'மிக்-21 பைசன்' என்று பெயர் வைத்து வெளியிட்டேன். நிறையப் பேர் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துத் தாம்பரத்திலிருந்து ஒருவர் எழுதினார். இந்திய விமானப்படையில் தொழில்நுட்ப ஆளாக இருந்து ஓய்வுபெற்றவர்.

"தம்பி, பெயிண்ட் வேலை ரொம்ப அழகா இருக்கு. ஆனா நீங்க பேரு வச்சது பைசன், செஞ்சது பிஸ். முன் கண்ணாடிய எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பிஸ்ஸின் முன் கண்ணாடி மூன்று துண்டு, நடுவில் சட்டம். பைசனுக்குச் சட்டமில்லாத ஒற்றைக் கண்ணாடி. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இறக்கையின் அடி உடம்போடு சேரும் இடத்தில், மேல்பக்கம், வெப்ப ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறிகளுக்கான பெட்டி இருக்கும். வாலில் எச்சரிக்கைக் கருவியின் அலைவாங்கிகள் இருக்கும். உள்ளே கோப்யோ என்கிற ரஷ்ய ராடர், பிரெஞ்சுத் திசைக்கருவி, இந்தியா தானே செய்த 'தரங்' எச்சரிக்கைக் கருவி. விமானி தலையைத் திருப்பிப் பார்க்கிற பக்கம் ஆர்-73 ஏவுகணையைக் குறிவைக்கச் செய்யும் தலைக்கவசம். கிட்டத்தட்ட 125 மிக்-21பிஸ் விமானங்கள் இப்படிப் பைசனாக மாறின. இஞ்சின் மட்டும் அதே ஆர்-25-300.

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. கூகுளில் 'பைசன்' என்று தேடி வந்த முதல் படத்தைப் பார்த்து வரைந்திருந்தேன், அதுவும் பிஸ்ஸின் படம். வெளியிட்டதை எடுத்துவிட்டு, பெயரை மாற்றித் திருப்பிப் போட்டேன். அந்தப் பெரியவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். 2019 பெப்ரவரி 27ஆம் தேதி இந்திய விமானி அபிநந்தன் ஓட்டி விழுந்த விமானம் பைசன் என்று செய்தி வந்த அன்று ராத்திரி, அவர் எனக்கு ஒரே வரி அனுப்பினார்: "நம்ம பைசன் தம்பி." 2025 செப்டம்பர் 26, சண்டிகரில் இந்தியா மிக்-21க்கு விடை கொடுத்தது. 1963இல் சேர்ந்த விமானம். அன்றைக்கும் பேசினோம். அதிகம் பேச அவரால் முடியவில்லை.

ஐயாவிடம் கற்ற இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளையாட்டுகளில் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். மிக்-21க்குக் காற்றுவாய் மூக்கில். அந்த வாயின் நடுவில் ஒரு கூம்பு, வேகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும். ராடரின் தட்டு அந்தக் கூம்புக்குள் அடங்க வேண்டும். எந்த நாட்டு ராடரைக் கொண்டுவந்தாலும் தட்டின் அகலத்தைக் கூம்பு அனுமதிக்கிற அளவுக்குமேல் கூட்ட முடியாது. கூம்பைப் பெருப்பித்தால் இஞ்சினுக்குக் காற்று போதாது. ராடர் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதைத் தட்டின் அகலம் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே பைசன் எவ்வளவு நவீனமானாலும் அதன் பார்வைக்கு 1950களில் வரைந்த ஒரு மூக்கு எல்லை போட்டுவிட்டது. கிபிருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. காற்றுவாய்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்கு காலி. பின்னாளில் வந்த கிபிர் சி.10 ரகத்துக்கு ஈஎல்/எம்-2032 என்கிற பெரிய ராடரை வைத்தார்கள், மூக்கின் வடிவத்தையே மாற்றினார்கள். எங்கே இடமிருக்கிறதோ அங்கேதான் புதுமை போக முடியும். லயத்து வீட்டில் அறை கூட்டுகிறவனுக்கு இது நன்றாகப் புரியும்: முன்னால் பாதை, பக்கத்தில் அடுத்த வீட்டுச் சுவர், பின்பக்கம் மட்டும்தான் நீளலாம்.

விளையாட்டு செய்பவர்கள் சிலர் இதை யோசிப்பதில்லை. பழைய ரகத்தின் பறப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஏவுகணைப் பட்டியலை மட்டும் நீட்டிவிடுவார்கள். ஆர்-77 ஏவுகணை ஒன்றே 175 கிலோ. புது ராடரால் மூக்கில் பாரம் கூடினால் எடைமையம் முன்னால் நகரும், திரும்பும்போது கை கனக்கும். பின்எரிப்பானும் அப்படியே. ஆர்-25-300இல் சாதாரணப் பின்எரிப்புக்கு மேலே இன்னொரு அவசர எரிப்பு உண்டு. 4,000 மீற்றருக்குக் கீழே, மூன்று நிமிடத்துக்குள். அதற்குமேல் இஞ்சின் தாங்காது. இந்த எல்லையை எடுத்துவிட்டால் மிக்-21 எல்லாரையும் முந்திக்கொண்டு ஏறும். ஆட்டக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் அந்த மூன்று நிமிடத்தை எப்போது செலவழிப்பது என்று கணக்குப் பார்ப்பதுதான் அந்த விமானத்தை ஓட்டியவனின் திறமை. அதை எடுத்துவிட்டு அவனுக்கு எதைக் கொடுக்கிறோம்?

பெயர் ஒன்று, விமானம் வேறு என்பதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை. இலங்கை விமானப்படையின் எஃப்-7ஐப் பாருங்கள். சீனா மிக்-21இன் ஆரம்ப ரகத்தைப் பார்த்துச் செய்தது எஃப்-7. 1991இல் இங்கே வந்தது எஃப்-7பிஎஸ். அது பி ரகத்தின் உடம்பில் எம் ரகத்தின், ஆயுதம் மாட்ட நான்கு தொங்குமிடம் உள்ள இறக்கையைச் சேர்த்தது. 2008இல் வந்தது எஃப்-7ஜிஎஸ். அதன் இறக்கை நடுவழியில் மடிந்து வேறு கோணத்தில் போகும் இரட்டை முக்கோணம். அகலமும் 7.15இலிருந்து 8.32 மீற்றராகிவிட்டது. இரண்டும் எஃப்-7தான். திரும்பும் விதம் முற்றிலும் வேறு. நான் முதலில் பார்த்த ஒரு விளையாட்டில் ஜிஎஸ் என்று எழுதி, நேர் முக்கோண இறக்கையைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் விளையாட முடியவில்லை.

அளவு எடுப்பது எப்படி என்று பலர் கேட்பார்கள். விமானத்தின் அருகில் போய் டேப் பிடிக்க யார் விடுவார்? இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். அங்கே நிற்கும் மிக்-17, ஜெட் புரோவோஸ்ட் மாதிரிப் பழையவற்றில் கண் பழகிக்கொள்ளலாம். தகடு எப்படிச் சேர்கிறது, பூச்சு எங்கே உரிகிறது, எண்ணெய் எந்தப் பக்கம் வழிகிறது. மற்றபடி எல்லாம் படம்தான். படம் பொய் சொல்லும். கிட்ட நின்று அகல வில்லையில் எடுத்தால் மூக்கு வீங்கும், தூர வில்லையில் எடுத்தால் விமானம் சப்பையாகும். அதனால் மாறாத ஓர் அளவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிபிருக்கு இறக்கையின் 8.22 மீற்றரும் நீளத்தின் 15.65 மீற்றரும். படம் எடுத்தவன் எங்கே நின்றான், எந்த வில்லை வைத்தான் என்று முதலில் கணினியில் கண்டுபிடித்து, அந்த இடத்தில் என் கமராவை நிறுத்தி, என் விமானத்தைப் படத்தின்மேல் பொருத்திப் பார்ப்பேன். ஒரு படத்தில் பொருந்தினால் போதாது. பதினைந்து, இருபது படத்தில் பொருந்த வேண்டும். நிழலும் உதவும். வெயில் சாய்ந்த படத்தில், முன்னிறக்கையின் நிழல் காற்றுவாயின்மேல் விழுகிற கோணத்தைக் கொண்டு அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எடுத்துவிடலாம். இரகசியக் கையேடு யாராவது அனுப்பினால் திறந்தும் பார்ப்பதில்லை. 2021இல் வார் தண்டர் விளையாட்டில் சாலஞ்சர் 2 தாங்கியின் வடிவம் தப்பு என்று நிரூபிக்க, ஓர் ஆட்டக்காரர் பிரித்தானிய இராணுவத்தின் இரகசியப் பக்கங்களையே பகிர்ந்தார். நிறுவனம் அதை நீக்கிவிட்டது. அவருடைய ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவன் சிறைக்குப் போகிற அளவுக்கு ஒரு விளையாட்டின் ரிவெட்டு முக்கியமில்லை.

கிபிர் வேலைக்கு வருகிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, 'மேம்படுத்திய இலங்கைக் கிபிர்' வேண்டும் என்று கேட்டது. இலங்கைக்குக் கிபிர் முதலில் வந்தது 1996இல், சி.2 ரகம். பிறகு சி.7உம் வந்தது. சி.2ஐயும் சி.7ஐயும் வெளியில் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு: காற்றுவாய்களுக்குக் கீழே கூடுதலாக இரண்டு தொங்குமிடங்கள். நான் சி.7 செய்தேன். செய்து கொடுத்ததும், அதில் டெர்பி ஏவுகணை இரண்டைப் போடு என்றார்கள். டெர்பி ராடரால் வழிகாட்டப்படுவது. சி.7இன் ஒல்லியான மூக்குக்குள் இருப்பதோ தூரம் மட்டும் அளக்கும் சின்ன ராடர். எதிரியைத் தேடிப் பிடித்து ஏவுகணைக்குக் காட்ட அதனால் ஆகாது. டெர்பி வேண்டுமானால் சி.10இன் மூக்கைச் செய்ய வேண்டும், செய்தால் அது இலங்கை விமானம் ஆகாது என்று எழுதினேன். படங்களோடு பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஆட்டக்காரர்கள் ஆயுதம் இல்லாத விமானத்துக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. டெர்பியை அவர்களே தொங்கவிட்டார்கள். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். கடைசிப் பகுதிக் காசும் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது, காசுக்காக மட்டுமில்லை.

உண்மையான மேம்படுத்தலுக்கு ஒப்பந்தம் 2021இல் வந்தது. ஐந்து கிபிர்களை மறுபடி பறக்கும் நிலைக்குக் கொண்டுவர, இஸ்ரேலின் விமானத் தொழில் நிறுவனத்தோடு ஐந்து கோடி டொலருக்கு இலங்கை கையெழுத்திட்டது. புது ராடர், உணர்கருவிகள், தொடர்புக் கருவிகள், தலைக்கவசம் என்று அறிவித்தார்கள். தொழில்காரனாக எனக்கு அந்தச் செய்தி தித்தித்தது. எங்கள் விமானத்துக்கு ஒரு புது மூக்கு வரும், அதை நான் முதலில் வரைவேன் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் எழும்பிப் பார்க்கும்போது அம்மா கூடையும் படங்குமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதே 2021இல்தான் தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது, எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அதையும் கொழுந்து நிறை சரியாக வந்தால்தான் முழுசாகத் தருவோம் என்று பல தோட்டங்களில் நின்றார்கள். ஐந்து கோடி டொலரையும் அம்மாவின் கூடையையும் ஒரே காலையில் யோசித்தது எனக்குள் இன்னும் ஆறவில்லை. அடுத்த வருடம் டொலரே இல்லாமல் போனது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. நான் குப்பி விளக்கு வெளிச்சத்தில் காகிதத்தில் கிபிர் வரைந்தேன்.

டெர்பி கேட்ட அந்த விளையாட்டு நிறுவனத்தோடு முறிந்த பிறகு, கிபிரை நானே முடித்து இலவசமாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். சி.7, அதன் ஒல்லி மூக்கோடு. உருவம் முடிந்தது. மிச்சம் சத்தம். சத்தம் செய்கிற ஆள் ஒருவரைக் கொழும்பில் பிடித்தேன். முல்லைத்தீவுப் பொடியன், என்னைவிட ஏழு வயது இளையவர், திரைப்படங்களுக்குச் சத்தம் சேர்க்கிறவர். ஜே79க்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, பாண்டம் விமானங்களிலும் இதே இஞ்சின்தான். அந்தப் பதிவுகளை எடுத்து நானே ஒரு மாதிரி சேர்த்து வைத்திருந்தேன். விமானம் தூரத்தில் தெரியும்போதே ஒரு முழக்கம் தொடங்கி, கிட்ட வர வரப் பெருத்து, தலைக்குமேல் உச்சிக்குப் போய், பிறகு தேயும். அவர் நல்லதண்ணிக்கு வந்திருந்தபோது அதைப் போட்டுக் காட்டினேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழும்பி வெளியே போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் முன்னறிவிப்பில்லாமல் கிபிரின் சத்தத்தைப் போட்டிருக்கிறேன். எங்களுக்கு மலைநாட்டில் கிபிர் என்பது செய்தியில் கேட்ட சொல். போர்க்காலத்தில் அங்கே அது பதுங்குகுழிக்குள் ஓடச் சொன்ன சொல். அந்த நாட்களில் வடக்கில் சின்னப் பிள்ளைகளுக்கே விமானங்கள் பிரித்துத் தெரியும். புக்காரா எது, சியாமாசெட்டி எது, சகடை என்று அவர்களே பெயர் வைத்த மெதுவான சரக்கு விமானம் எது, மிக் எது, கிபிர் எது என்று சத்தத்திலேயே சொல்வார்கள். எந்த அருங்காட்சியகமும் கற்றுக்கொடுக்காத நுட்பம். உயிர் பிழைக்கக் கற்றது.

வெளியே தேயிலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் கொடுத்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவர் தலையைத் தடவிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார்.

"அண்ணை, நீங்கள் செய்தது பிழை."

"தெரியும் தம்பி. நான் உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்."

"அதில்லை. சத்தம் பிழை. கிபிர் வரேக்க சத்தம் வராது. வந்து, போட்டிட்டுப் போன பிறகுதான் சத்தம். சத்தம் கேட்டால் நீங்கள் தப்பிட்டியள் எண்டு அர்த்தம்."

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சத்தம் ஒரு வினாடிக்கு 340 மீற்றர் போகும். கிபிர் மணிக்கு 900 கிலோமீற்றரில் வந்தால் வினாடிக்கு 250 மீற்றர். இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் அது எழுப்பிய சத்தம் நம் காதுக்கு வர ஆறு வினாடி. விமானமே வந்து சேர எட்டு வினாடி. முன்னறிவிப்பு இரண்டே வினாடிதான். அதுவும் ஜெட் இஞ்சினின் பெரிய முழக்கம் பின்பக்கமாகத்தான் விரியும். முன்னால் வருவது கம்ப்ரசரின் மெல்லிய விசில் மட்டும். மரம், மணல்மேடு, வீட்டு ஓடு இவற்றுக்குள் அந்த விசில் கரைந்துவிடும். ஆகவே கீழே நிற்பவனுக்கு முதலில் அமைதி, பிறகு நிழல், பிறகு இடி. விளையாட்டின் சத்த இயந்திரம் தூரத்தைக் கணக்கெடுக்கும்படி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கேட்க நன்றாக இருக்கட்டும் என்று நான்தான் அதை நிறுத்திவைத்து, முழக்கத்தை முன்னால் இழுத்திருந்தேன்.

சேர்ந்து திருத்த நான்கு நாள் ஆனது. இந்த வேலையை விட்டுவிடலாமே என்று இரண்டாம் நாள் அவரிடம் சொன்னேன். வேறு ஆளைப் பார்க்கிறேன், உங்களுக்கு இது வேண்டாம் என்றேன். "வேற ஆள் வந்தால் திருப்பியும் பிழையாத்தானே செய்வினம்" என்றார். ஹெட்போனைக் கழற்றவில்லை. பின்எரிப்பானின் இடியை அடுக்கு அடுக்காகப் பிரித்தார். இஞ்சின் சுழற்சி குறையும்போது வரும் ஊளையைத் தனியே எடுத்து, அதை நான் வைத்ததைவிட ஒரு படி கீழே இறக்கினார். எதை எங்கிருந்து நினைவுபடுத்துகிறார் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் விடிய முன்னம், சீசன் நேரம், மலைக்குப் போகிற ஆட்களின் சத்தம் அடங்கியிருந்தது. திரையில் ஒரு வெட்டவெளியை உண்டாக்கி, கமராவை ஓர் ஆள் நிற்கிற உயரத்தில் நிலத்தில் வைத்தோம். விளையாடுகிறவர்கள் எப்போதும் மேலே விமானத்துக்குள் இருப்பார்கள். கீழே நின்று பார்க்க ஒரு பொத்தான் உண்டு, அதை யாரும் அழுத்துவதில்லை. அவர்தான் அதை அழுத்தச் சொன்னார். தூரத்தில் ஒரு புள்ளி. சத்தமில்லை. புள்ளிக்கு இறக்கை வந்தது, காற்றுவாய் வந்தது, அதன் கீழே அந்த இரண்டு தொங்குமிடங்கள். சத்தமில்லை. தலைக்குமேல் வந்து, வாலடி மூக்கு ஒரு கணம் தெரிந்து, கடந்து போனது. பிறகுதான் இடி வந்தது, ஒலிபெருக்கியின் தகடு அதிர.

அவர் அதைத் திரும்பவும் போடச் சொல்லவில்லை. "இப்ப சரி, அண்ணை" என்றார். ஹெட்போனை மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியே போய், உச்சி விளக்குகள் அணைகிற வரைக்கும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கோப்பைச் சேமித்தேன். விமானத்தின் பெயரை எழுதுகிற கட்டத்தில், கிபிர் என்பதற்குப் பக்கத்தில் சி.7 என்று சேர்த்தேன்.